நாற்பத்தோராம் வரி

முதல்தரம் ஓடுது.
சேமித்தால் விழுது.

கரடிப்போக்குச் சந்தி, உரக்கடைக்கு மேல்மாடி.
யூரியா மணம் படியேறி வந்து
விசைப்பலகைக்குள்ளும் குடியிருக்கிறது.
திங்கட்கிழமை காலபோக நெல்லை வாங்கத் தொடங்குவார்கள்.
தராசு சொல்லும் நிறையைக் கணினி கேட்டுப்
பற்றுச்சீட்டில் போடவேணும்.
அதற்கொரு செருகுநிரல்,
இருநூற்றுப் பன்னிரண்டு வரி,
ஒவ்வொன்றும் என்ரை கையால் எழுதினது.

ஓரெழுத்தை மாற்றிச் சேமிக்கிறேன்.
கருவி விழித்துக்கொண்டு
பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டப் போகுது.
போன வழியில் சிவப்பு:

வரி 41. ‘தராசு’ என்ற பெயர் ஏற்கனவே உண்டு.

நாற்பத்தோராம் வரியில் கிடப்பது
ஒரு மூடும் அடைப்புக்குறி.
அழித்தேன். திரும்பப் போட்டேன்.
அதே வளைவு, அதே சிவப்பு.
தொகுப்பான் பொய் சொல்லாது,
ஆனால் விரல் நீட்டுகிற இடத்தில்
குற்றவாளி நிற்பதில்லை.

பின்கதிரையிலிருந்து டிலக்சன்:
“கேஷை அழிச்சனியோ?”
மூன்றுதரம்.
“அப்ப எல்லாத்தையும் மூடிப்போட்டுத் திற.”
திறந்தால் ஓடும்.
அதுதானடா வயிற்றெரிச்சல்.
ஓடுகிற பிழையை என்னெண்டு பிடிக்கிறது?
காலையிலிருந்து அறுபத்து மூன்றுதரம் மூடித் திறந்தாயிற்று.
தரத்துக்கு இரண்டு நிமிடம்.
கணக்குப் பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது இருபதுக்குக் கரண்ட் போனது.
திரை வெளிச்சத்துக்கு வந்த ஈசல்கள்
பிழைச்செய்தியின் மேல் உட்கார்ந்து
செட்டைகளைக் கழற்றிவிட்டு நடந்தன.
டிலக்சன் கொத்து வாங்கப் போனான்.

போகமுன் சோதனைக்கு அவனைத்
தராசில் ஏற்றியிருந்தேன்.
பதிவேட்டை இருட்டில் மெல்ல மேலே உருட்டினால்

நிறை 61.40
நிறை 61.40

ஒரே நொடியில் இரண்டுதரம்.
ஒரு டிலக்சன், இரண்டு கேள்வி.

அப்போதுதான் முதுகு நிமிர்ந்தது.
கழற்றிவிட்டேன் என்று நினைத்த பழையது
கழரவில்லை.
உள்ளுக்குள் ஒரு மூலையில் அதன் நேரங்காட்டி
இன்னும் ஓடுது,
மூன்றாம் துறையைப் பிடித்தபடி
நொடிக்கொருதரம் கேட்குது: எவ்வளவு நிறை?
ஆரும் அதற்குப் போ என்று சொல்லவில்லை.

எனக்கிந்தப் பிழை புதிதில்லை.
முரசுமோட்டையை விட்டு வந்தபோது
கிராம அலுவலர் கேட்டார்,
“அங்கை பேர் வெட்டின கடிதம் எங்கை?”
கடிதமில்லை.
“அப்ப இஞ்சை பதிய ஏலாது. ஏற்கனவே இருக்கிறியள்.”
இருக்கிற இடத்தில் இல்லை,
இல்லாத இடத்தில் இருந்தோம்.
இரண்டு பஸ், ஒரு முத்திரை, ஒரு முழுநாள்.
அம்மா எல்லாருடைய பெயரையும் வெட்டக் கொடுத்தா,
அப்பாவின் பெயரைத் தவிர.
அலுவலரும் வற்புறுத்தவில்லை,
பேனையை மூடி வைத்தார்.
அது வேறை கணக்கு. அதற்கு நான் வரி எழுதுவதில்லை.

இதற்கு எழுதினேன், நான்கு.
கழற்றும்போது
நேரங்காட்டியை நிறுத்து.
துறையை விடு.
பெயரை வெட்டு.
நான்காவது, வெட்டியதைப் பதிவேட்டில் எழுது.
மூன்றாவதில் விரல் கொஞ்சம் நின்றது,
பிறகு தட்டியது.

கரண்ட் வந்தது. சேமித்தேன்.
பச்சை.
ஒரு வெற்றிடம் சேர்த்துச் சேமித்தேன். பச்சை.
வெற்றிடத்தை எடுத்துச் சேமித்தேன்.
ஒன்றும் மாற்றாமலே சேமித்தேன்.

“இன்னும் என்னடி அதோடை?”
வாயில் கொத்தோடு டிலக்சன்.
ஏறு, என்றேன்.
செருப்போடு ஏறினான், கையில் பார்சலும்.

நிறை 62.15

கீழே பார்த்தேன்.
இன்னும் கீழே.
வேறொன்றும் வரவில்லை.